இரண்டாம் பெயருக்கான கட்டம்

"நீங்க கண்டீங்களா?" என்று கேட்டாள்.

கேரளத்துத் தென்கோடியில் உதியன்குளங்கரை ஜங்ஷனில் அவளுடைய போட்டோஸ்டாட் கடை. பென்ஷன் வாங்குகிற தாயார் உயிரோடு இருக்கிறார் என்று எழுதிக் கொடுக்கிற பாரத்தோடு ஓர் ஆள் முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் நாங்கள் ஏழெட்டுப் பேர், நல்ல வெயில். அவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தாகிவிட்டது. இவள் பாரத்தைத் தன் பக்கம் இழுத்து, விரலை வைத்து, மலையாளத்தில் இருந்ததை ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாக வாசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள். மேற்படி நபர் உயிருடன் இருப்பதை நான் நேரில் கண்டேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

"அம்மை வீட்டுல இருக்கா பிள்ளே."

"அது செரி. நீங்க எப்பக் கண்டீங்க?"

"காலத்த எனக்குக் கட்டன் சாயா தந்தா."

"அப்ப இன்னைக்குக் கண்டாச்சு. போடுங்க."

வரிசையில் ஒருவர், "இது போட்டோஸ்டாட் கடையா, கோர்ட்டா?" என்றார். "கோர்ட்டுல இதவிடச் சட்டுன்னு முடியும்" என்றார் இன்னொருவர். அவள் தலையைத் தூக்கவே இல்லை. அடுத்த ஆளின் பாரத்தில் விரலை வைத்தாள்.

அவளைப்பற்றிச் சொல்வதற்கு இதுதான் முதலும் கடைசியும். வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வாங்கமாட்டாள், வாசிக்காமல் எந்தப் பொத்தானையும் அழுத்தமாட்டாள். போன் திரையில் இரண்டு பக்கத்துக்கு நிபந்தனை வருமே, எல்லாரும் கீழே தள்ளி 'சம்மதம்' என்று தொடுவோமே, அதைக்கூட உதட்டை அசைத்து வாசிப்பாள். முன்பு திருவனந்தபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவள் என்றார்கள். ஏன் விட்டாள் என்பதற்கு ஜங்ஷனில் நாலு கதை உண்டு. கல்யாணம் ஆனதா இல்லையா என்பதற்கு ஐந்து. ஒருதடவை ஒரு பெரியவர் கடையிலேயே கேட்டுவிட்டார். "அந்தக் கட்டம் இந்தப் பாரத்துல இல்ல மாமா, உங்க மனசுலதான் உண்டு. அத நீங்களே நிறைச்சுக்குங்க" என்றாள். சிரித்துக்கொண்டு சொன்னாளா என்றால், இல்லை.

நான் அவளுக்கு நேர் எதிர். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். குன்னத்துகால் போகிற வழியில் இருக்கிற வாசகசாலையைக் காலையில் திறந்து, பெருக்கி, சாயங்காலம் பூட்டுகிற வேலை எனக்கு. பூட்டிவிட்டுப் பத்தடி நடந்து திரும்பிவந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ஃபேன் கழன்று விழுமோ, ஸ்விட்சில் தீப்பிடிக்குமோ, அலமாரிக்கு அடியில் பாம்பு இருக்குமோ. கடிதம் வந்தால் பிரிக்க மாட்டேன். ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து வாசிக்கத் தெரியும், ஆனால் எழுத்தைக் கண்டால் யாரோ என்னைத் திட்டப்போகிறார்கள் என்றே தோன்றும்.

அப்படிப்பட்ட நான்தான் அவளோடு ஒரு மாதம் ஒரே அறையில் இருந்தேன்.

வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்தாம் வகுப்புக்கு இணையான ஒரு படிப்பு நடந்தது. என்னைப்போலப் பாதியில் விட்டவர்களுக்கு, தமிழில். ரப்பர் வெட்டுகிறவர்கள், கொத்து வேலைக்காரர்கள், பூவார்ப் பக்கத்திலிருந்து மீன் விற்க வருகிற பிலோமினா, இப்படி இருபது பேர். நானும் பெயர் கொடுத்திருந்தேன். வீட்டில்கூட ஒருமாதம் சொல்லவில்லை.

அந்த வருஷம் படிப்பை நடத்துகிற மேல் ஆபீசில் எல்லாப் பாடங்களையும் வலைப்பக்கத்தில் ஏற்றிவிட்டார்கள். இனி வார நாட்களில் எல்லாரும் போனிலேயே படிக்க வேண்டும், பதில் எழுத வேண்டும். நல்ல காரியம்தான். ஆனால் பாடம் முழுக்க மலையாளத்தில். தமிழ் வகுப்பை மலையாள வகுப்போடு சேர்த்துவிடப் போகிறோம் என்று வாசகசாலை செக்ரட்டறி சாருக்குப் போன் வந்தது. அவர் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மேலிடத்துக் குரல் கேட்டாலே எழுந்து நின்று பேசுகிறவர். அன்றைக்கு ஏதோ காகிதத்தை நகல் எடுக்க அவள் கடைக்குப் போன நேரத்தில் அந்தப் போன் வந்தது. அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தில், "அங்கோட்டு எல்லார்க்கும் மலையாளம் அறியாமல்லோ" என்கிறார் ஆபீசர், அங்கே எல்லாருக்கும் மலையாளம் தெரியுமே என்று.

"அறியும் சார். மீன் விக்க அறியும், சண்டை போட அறியும். கணக்கும் சயன்சும் அவங்க தமிழ்ல படிக்கணும்னு சொல்லுறாங்க. பாடத்துக்கு ஒரு வலைப்பக்கம் நாங்களே கெட்டுனா தமிழ் கிளாஸ் இருக்குமா? இருக்கும்னா எழுதித் தாங்க. இருக்காதுன்னாலும் எழுதித் தாங்க."

செக்ரட்டறி சார் கடை வாசலிலேயே வியர்த்துப் போனார் என்று பிறகு அவரே என்னிடம் சொன்னார். "மேலதிகாரிகிட்ட எழுதித் தான்னு கேக்கியா. இவளுக்கு ஆராக்கும் துணை?"

எழுதியே வந்தது. இன்ன புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இருபது பேரின் பெயர், தமிழ்ப் பாடத்தோடு, வலைப்பக்கத்தில் தெரிய வேண்டும். ஒன்று குறைந்தாலும் தமிழ் வகுப்பு இல்லை. அவள் அதை எங்களுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். "ஒன்று குறைந்தாலும்" என்ற இடத்தில் விரல் நின்றது.

வாசகசாலையின் பின் அறையில் யாரோ தானமாகக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. அதைத் துடைத்து வைத்தாள். அதுதான் சர்வராம். பாடங்களை வைத்து வகுப்பு நடத்துகிற மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, அதை இதில் நிறுவப்போகிறேன் என்றாள். எனக்கு விளங்கவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து வயர்களைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு பள்ளிக்கூடத்த இந்தப் பெட்டிக்குள்ள கெட்டப் போறோம் எக்கா. சுவரு, அலமாரி, பெஞ்சு எல்லாம் உண்டு. ஹாஜர் புக்கும் உண்டு. ஆரு எந்த ஊர்ல இருந்து போன்ல தட்டுனாலும் கதவு திறக்கும்."

ஹாஜர் புக்கு என்றதும் அது மட்டும் வேண்டாமே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

முதல் நாளே திரையில் ஒரு நீளமான பட்டியல் வந்தது. சில வரிகள் பச்சை, சில சிவப்பு. நான் துடைப்பத்தோடு வாசலில் நின்றேன்.

"போச்சு. திட்டுது, இல்லியா?"

"திட்டல்ல. கேக்குது. இன்னின்ன சாமானம் வேணும், இஞ்ச இல்லன்னு கேக்குது. கேக்கிற ஆளுகிட்ட என்னத்துக்குப் பயம்?" சிவப்பு வரி ஒவ்வொன்றையும் விரல் வைத்து வாசித்தாள். இல்லாததை ஒவ்வொன்றாக இறக்கிப் போட்டாள். ஒரு வரியில் மட்டும் சிரித்தாள். "இதக் கேளுங்க. படிக்கிறவங்க எழுதித் தாற பேப்பர் வைக்கிற அலமாரிய நான் ரோட்டப் பாத்து வச்சிட்டேனாம். ஆரும் எடுத்துப் பாக்கலாமாம். உள்ள கொண்டு வையின்னு சொல்லுது. செரியாத்தான் சொல்லுது."

நான் அதுவரை எந்த எழுத்தையும் அப்படி நினைத்ததில்லை. ஒரு எழுத்து என்னிடம் கேட்கும், எனக்காகச் சொல்லும் என்று.

"முதல்ல வாசிப்போம் எக்கா. பயம் அப்பறம் படலாம்" என்பாள். பயப்பட வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதனால்தான் அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. பயப்படாதே என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

அந்த மென்பொருளுக்குத் தமிழ் தெரியும். ஆனால் அரைகுறை. பாதி வரி தமிழ், பாதி இங்கிலீஷ். மீதியை அவளே தமிழாக்கினாள். பதில் எழுதி முடித்தபின் அழுத்துகிற பொத்தானுக்கு என்ன போடலாம் என்று என்னிடம் கேட்டாள். 'சமர்ப்பி' என்று யாரோ போட்டு வைத்திருந்தார்கள்.

"கோயில்ல தேங்காய் குடுக்கிற மாதிரி இருக்கு" என்றேன்.

"அப்ப நீங்க சொல்லுங்க. பேப்பர எழுதி சார் கையில குடுக்கம்ப என்ன சொல்லுவீங்க?"

"இன்னா சார், முடிச்சாச்சு."

'முடித்துவிட்டேன்' என்று அந்தப் பொத்தானில் போட்டாள். இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

துலாம் மாதத்து, அதாவது ஐப்பசி, மழை நாள் ஒன்று. பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. அவள் சாயா குடிக்க எதிர்க் கடைக்குப் போயிருந்தாள். திரையில் வரி வரியாக என்னவோ ஓடிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு பச்சை அடையாளம். அப்போது இடி விழுந்தது. எங்கள் பக்கத்தில் இடி என்றால் முதல் காரியம் பிளக்கைப் பிடுங்குவது. டி.வி., பிரிட்ஜ், மோட்டர், எல்லாம். பச்சைக் குழந்தை அழுதாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தூக்குவோம். நான் யோசிக்கவே இல்லை. ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

பெட்டி ஒருமாதிரி முனகி அடங்கிவிட்டது.

நனைந்துகொண்டு ஓடிவந்தாள். என் கையில் பிளக் இருந்தது. ஒரு நிமிஷம் பார்த்தாள். "இடி நின்னாச்சா?" என்று மட்டும் கேட்டாள். அரை மணி கழித்து நான்தான் திரும்பச் சொருகினேன். திரையில் சிவப்பு. அவள் நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு, "நீங்க வாசிங்க" என்றாள். இங்கிலீஷ் தெரியாதே என்றேன். அவள் ஒரு சொல் சொல்ல, நான் அதன் தமிழைத் திரும்பச் சொல்ல, அப்படி வாசித்தோம். பெஞ்சுகளைச் செய்துகொண்டிருந்தோம், பாதியில் நின்றுவிட்டது, செய்ததை எல்லாம் எடுத்துவிட்டு முதலில் இருந்து தொடங்கு. இதுதான் அதில் இருந்தது. இரண்டு நாள் வேலை போயிற்று. மறுநாள் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து தனியாக எர்த் போட்டு, கரண்ட் போனாலும் தாங்குகிற பெட்டி ஒன்றையும் வைத்தாள். பிளக்குக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டினாள். 'அக்கா, இடி விழுந்தால் இதை முழுக்க வாசிக்கவும். வாசித்து முடித்தும் பயம் இருந்தால் எனக்குப் போன் செய்யவும். பிடுங்க வேண்டாம்.'

நிறுவி முடித்த அன்று, முதல் ஆளாக அவளுடைய பெயரையே கேட்டது. இரண்டு கட்டம். முதல் பெயர், இரண்டாம் பெயர். இரண்டாவதை விட்டுவிட்டு அழுத்தினால் சிவப்பில், 'இந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது' என்று வந்தது. அவள் அதை விரல் வைத்து வாசித்தாள். பிறகு அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்தாள். ஏற்றுக்கொண்டது. ஏன் புள்ளி என்று நான் கேட்கவில்லை.

இந்தக் கட்டம் மற்றவர்களையும் கேட்குமே என்று அன்றைக்கே அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மனிதர்கள்தானே.

இருபது பேரின் பெயரையும் செக்ரட்டறி சார் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். ஒற்றை விரலால் நாலு நாள் தட்டியிருக்கிறார். இரண்டாம் பெயர்க் கட்டத்துக்கு வீட்டுப் பெயரைப் போட்டிருந்தார். இங்கே எல்லாருக்கும் வீட்டுப் பெயர் உண்டு. தெக்கேவிளை, புத்தன்வீடு, பள்ளிவிளை. சனிக்கிழமை சாயங்காலம் கொண்டு கொடுத்தார். அவளுக்குப் பாடங்களை ஏற்றுகிற வேலை இன்னும் மிச்சம் கிடந்தது. பட்டியலை அப்படியே உள்ளே விட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் ஒன்றை வாசிக்காமல் அழுத்தியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்திருந்தார்கள். வெள்ளைச் சுவரில் பக்கத்தைப் பெரிதாகக் காட்டினாள். "இதாக்கும் நம்ம கிளாஸ்" என்றாள். பிலோமினா கை தட்டினாள். இவள் வழக்கம்போல விரலை நீட்டி, பட்டியலை மேலிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள்.

அந்த மென்பொருள் பட்டியலை இரண்டாம் பெயரின் எழுத்து வரிசையில்தான் அடுக்குமாம். அது எங்களுக்குத் தெரியாது.

"ராஜம் ஆலுவிளை. சுரேஷ் காலனி. லதா காலனி. தங்கப்பன் காலனி. செல்வி..."

நிறுத்திவிட்டாள். ஆனால் சுவரில் நின்றுகொண்டிருந்தோம். ஏழு பேர், ஒன்றன் கீழ் ஒன்றாக. நாலாவது நான்.

நாங்கள் ஏழு பேரும், வீடில்லாதவர்களுக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த லட்சம்வீட்டுக் காலனிக்காரர்கள். அங்கே வீட்டுக்கு எண்தான், பெயர் கிடையாது. செக்ரட்டறி சார் விலாசத்தில் இருந்ததை எடுத்துப் போட்டிருக்கிறார். அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏழாம் வகுப்பில் நாலு செல்வி இருந்தோம். தெக்கேவிளை செல்வி, புத்தன்வீடு செல்வி, பள்ளிவிளை செல்வி, காலனி செல்வி. வாத்தியார் ஹாஜர் எடுக்கும்போது அப்படித்தான் கூப்பிடுவார். ஒருநாள் அவருக்கு அவசரம். "காலனி" என்று மட்டும் கூப்பிட்டார். நான் எழுந்து நின்று "ஆஜர் சார்" என்றேன். அவர் கூப்பிட்டதைவிட நான் ஆஜர் சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. அடுத்த வாரம் வயிற்றுவலி என்று வீட்டில் இருந்தேன். அதற்கப்புறம் போகவில்லை.

யாரோ பின்னால் லேசாகச் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு இருக்காது. கொத்து வேலைக்காரர் சுரேஷ் எழுந்து, "தண்ணி வாற நேரம், நான் போறேன்" என்று செருப்பை மாட்டினார். லதா அவருக்குப் பின்னாலேயே போய்விட்டாள். எனக்குப் போக முடியாது, பூட்டுச் சாவி என் கையில். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். ஏற்கெனவே பெருக்கிய முற்றம்.

உள்ளே அவள் குரல் கேட்டது. "நான் இத வாசிக்காம ஏத்திட்டேன். தப்பு எனக்கதாக்கும்."

"என்ன தப்பு?" என்றார் செக்ரட்டறி சார். "அப்ளிகேஷன்ல அட்ரஸ் அதுதான் மோளே. நான் பொய் ஒண்ணும் எழுதல்லியே."

"அட்ரஸ் கட்டத்துல அது இருந்துட்டுப் போகட்டு சார். இது பேருக்க கட்டம்."

"செரி, அடுத்த ஞாயிறு மாத்திக்கலாம். புதன்கிழமை எண்ணுவாங்க. இப்ப இருபது பேர் இருக்கு. தொடாத."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் பட்டியலில் எல்லாப் பெயருக்கும் முன்னால் குறி வைத்தாள். வீட்டுப் பெயர் உள்ளவர்களுக்கும்தான். திரையில் ஒரு கேள்வி வந்தது. அதையும் சத்தமாக வாசித்தாள். "இருபது பேரை நீக்கப் போகிறீர்கள். உறுதியா?"

"எடீ, உனக்குக் கிறுக்கா? ஒண்ணு குறைஞ்சா கிளாஸ் போச்சு. அறியுமா?"

"அறியும் சார். வாசிச்சிருக்கேன்."

அழுத்தினாள். சுவர் வெறுமையாயிற்று. புள்ளி வைத்த அவள் பெயர் மட்டும் தனியாக நின்றது.

"இனி ஒவ்வொரு ஆளுகிட்டயும் கேட்டுத்தான் எழுதுவேன்" என்றாள். "உங்க பேருக்குப் பின்னால என்ன வேணும்னு நீங்க சொல்லுங்க. ஒண்ணும் வேண்டாம்னா புள்ளி வைக்கலாம். வரிசையும் இனி முதல் பேருக்க எழுத்துலதான் வரும். அதுக்கு வழி உண்டு, தேடி எடுப்பேன்."

அங்கேயே பதினொரு பேர் சொல்லிவிட்டார்கள், மற்றவர்கள் வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். தெக்கேவிளைக்காரர் தெக்கேவிளையே போதும் என்றார். பிலோமினா எழுந்து, "எங்க வள்ளத்துக்க பேரு போடலாமா? வீட்ட விட அதுலதான் எங்க சோறு" என்றாள். 'கடல்மாதா' என்று ஏறிற்று. ரப்பர் வெட்டுகிற தங்கப்பன் அண்ணன் உட்கார்ந்தபடியே, "எனக்க அம்மைக்கப் பேரு" என்றார். "சொல்லுங்க" என்றாள். அவர் சொல்லும்போது குரல் உடைந்தது. அந்த அம்மா எழுத்தில் ஏறுவது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

திங்களும் செவ்வாயும் மீதிப் பேரைத் தேடிப் போனோம். வழி காட்ட நான். ஸ்கூட்டரின் பின்னால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, திருப்புறம் வரைக்கும் போனேன். சுரேஷ் ஒரு வீட்டின் சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டும் இறங்கவில்லை.

"கிளாசும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். போங்க."

"வரச் சொல்ல வரல்ல" என்றாள் கீழேயிருந்து. "ஞாயிற்றுக்கிழமை அப்படி எழுதுனது எனக்கத் தப்பு. உங்க பேர அங்கேருந்து எடுத்தாச்சு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

கரண்டியில் இருந்த சாந்தைச் சுவரில் அடித்துத் தேய்த்தார். நாங்கள் ஸ்கூட்டரைத் திருப்பியாகிவிட்டது. மேலேயிருந்து குரல்.

"அந்தக் கட்டத்துல மேஸ்திரின்னு போட்டா கேசு வருமா?"

"நீங்க மேஸ்திரி தானா?"

"இந்தச் சுவரப் பாத்துட்டுச் சொல்லு."

அவள் இறங்கிப்போய், உண்மையாகவே சுவரைத் தடவிப் பார்த்தாள். "சுரேஷ் மேஸ்திரி" என்று நோட்டில் எழுதி, வாசித்துக் காட்டினாள். "எனக்க தங்கச்சி லதாவையும் சேத்துக்க. அவளுக்கு என்ன வேணும்னு அவகிட்டயே கேட்டுக்க, நான் சொன்னா சண்டைக்கு வருவா" என்றார் அவர்.

இந்த இரண்டு நாளும் என்னிடம் மட்டும் அவள் கேட்கவில்லை. மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். கேட்டால் விலகிக்கொள்கிறேன் என்று சொல்ல வார்த்தை தயார் செய்து வைத்திருந்தேன். வயது ஆயிற்று, வேலை இருக்கிறது, கண் தெரியவில்லை. அவள் கேட்டால்தானே சொல்ல முடியும்.

புதன்கிழமை மூன்று மணி. சர்வர் அறையில் செக்ரட்டறி சார் நடந்துகொண்டிருந்தார். "பத்தொம்பது" என்றார் பத்தாவது தடவையாக. "யாரு பாக்கி? செல்வி, நீயா? பிள்ளே, அவளுக்கு ஒரு புள்ளிய வச்சு ஏத்து. அஞ்சு மணிக்கு எண்ணுவாங்க."

"அவங்க கட்டத்த நான் நிறைக்கப்பிடாது சார். நீங்களும்தான்."

"அப்ப கிளாஸ் போகட்டு, இல்லியா? மத்த பத்தொம்பது ஆளும் போகட்டு?"

அவள் எழுந்து, நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "எக்கா, முதல் கட்டத்துல உங்க பேர நான் போடல்ல. ரெண்டும் உங்க வேலை. ஏத்த வேண்டாம்னு தோணிச்சின்னா ஏத்த வேண்டாம். ஆபீசுக்கு நான் பதில் எழுதுவேன். சார், வாங்க, சாயா குடிப்போம்." அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

நான் மட்டும். அந்தப் பெட்டியின் இரைச்சல். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, உண்மையைச் சொன்னால். மற்றவர்களுக்கு எல்லாம் கேட்டு எழுதினாளே, என்னை மட்டும் தனியாக விட்டுவிட்டுப் போகிறாளே என்று. எழுந்துபோக வாசல்வரை வந்தேன். எதிர்க் கடையில் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் என்னை எட்டிப் பார்த்தார். அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஒற்றை விரலால் செல்வி என்று அடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. இரண்டாவதை விட்டுவிட்டு அழுத்திப் பார்த்தேன். சிவப்பு. நான் சத்தமாக வாசித்தேன். "இந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது."

திட்டவில்லை. கேட்கிறது.

எங்கள் பதினாலாம் எண் வீட்டு வாசலில் ஒரு பலா நிற்கிறது. நாங்கள் பிலா என்போம், மரத்தடியை மூடு என்போம். கல்யாணமாகி அதே காலனியில் இந்த வீட்டுக்கு வந்த வருஷம் நான் கொட்டை ஊன்றி முளைத்தது. காலனியில் யாருக்காவது வழி சொல்ல வேண்டுமானால், அந்தப் பிலாமூட்டுல திரும்பு என்றுதான் சொல்வார்கள். எல்லா வீட்டுப் பெயரும் ஒருகாலத்தில் இப்படி யாரோ ஒரு மரத்தையோ மேட்டையோ காட்டிச் சொன்னதுதானே. ஆலுவிளையில் இப்போது எந்த ஆல் நிற்கிறது?

பி. லா. மூ. டு. அழுத்தினேன்.

அவர்கள் வந்தபோது பட்டியலில் இருபது இருந்தது. செக்ரட்டறி சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். என் பெயர் இப்போது சுரேஷ் மேஸ்திரிக்கும் தங்கப்பன் அண்ணனுக்கும் நடுவே இருந்தது.

"பிலாமூடா? அது எந்த வீடு?"

"எனக்க வீடாக்கும் சார்."

"அப்படி ஒரு வீட்டுப் பேரு பஞ்சாயத்து ரெஜிஸ்டர்லயே இல்லியே செல்வி."

அவள் எனக்காகப் பேசுவாள் என்று ஒரு நிமிஷம் பார்த்தேன்.

"இஞ்ச உண்டு" என்றேன் நான்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இருபது பெயரையும் முதலில் இருந்து, விரல் வைத்து, சத்தமாக வாசித்தார்.

வகுப்பு நிலைத்தது. நான் பத்து பாஸாக இரண்டு வருஷம் ஆயிற்று, கணக்கில் ஒருதடவை தோற்றேன். அவள் அதற்கு முன்பே கடையை ஒழித்துவிட்டுப் போய்விட்டாள். பெங்களூருக்கு என்கிறார்கள், துபாய்க்கு என்கிறார்கள். ஜங்ஷனில் இப்போது அதற்கும் நாலு கதை உண்டு. கடையில் மொபைல் கவர் தொங்குகிறது. சர்வர் அறையைத் தினமும் நான்தான் திறக்கிறேன். போன வாரம் மூன்று மணிக்கு இடி இடித்தது. பிளக்குக்குப் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, சுவரில் இருக்கிற தாளை முழுக்க வாசித்தேன். வாசித்து முடித்தும் பயம் இருந்தது. போன் செய்தால் அந்த எண் இப்போது இல்லை. பிடுங்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, அவள் பெயர் என்ன என்று வாசகசாலையில் கேட்டார்கள். எனக்குத் தெரியும். பட்டியலில் இன்னும் இருக்கிறது, பின்னால் அந்தப் புள்ளியோடு. ஆனால் இங்கே எழுத மாட்டேன். அவளிடம் இன்னும் கேட்கவில்லை.